உள்ளங்காலில் வந்த அழைப்பு

ஆவாரங்குளம் காது கேளாதோர் பள்ளியின் பெண்கள் விடுதியில் மாடத்தி என்ற பெண் கோபத்தில் தரையை ஓங்கி உதைத்த சாயங்காலம், அந்த உதை மாடியின் மரப்பலகைகளோடு நிற்காமல் சுவர் வழியாக இறங்கி, முற்றத்தைக் கடந்து, மூடிக் கிடந்த பஞ்சாலைக்கு அடியில் புகுந்து, கடைத்தெருவில் நின்றவர், நடந்தவர், உட்கார்ந்தவர் எல்லோருடைய உள்ளங்காலிலும் போய் எழுந்தது. டீ ஆற்றிக்கொண்டிருந்த மீரான் பாய் ஒரு காலைத் தூக்கிப் பார்த்தார், பிறகு மறு காலைத் தூக்கிப் பார்த்தார். சலூனில் பாதி மழித்த கன்னத்தோடு ஒருவர் எழுந்து நின்றார். பூகம்பம் என்று யாரும் அலறி ஓடவில்லை. பூகம்பத்துக்கு யாரும் தேவையில்லை. இதற்கு யாரோ தேவைப்பட்டார்கள் என்பது ஒவ்வொருவருக்கும் காலிலேயே தெரிந்தது.

"யாரோ கூப்புடுறாக" என்றார் மீரான் பாய், கிளாசைக் கீழே வைத்து.

கூப்பிட்டது ஏன் என்று சொல்ல வேண்டுமானால் செங்கமலத்திலிருந்து தொடங்க வேண்டும். அவள் அந்த விடுதியின் வார்டன். அதற்கு முன் பஞ்சாலையில் நூல் ஓட்டியவள், ஆலை வாசலில் வெயிலும் மழையும் பார்க்காமல் கூட்டம் போட்டவள், எழுத்துக் கூட்டப் படித்ததே வேலைநிறுத்த நோட்டீசில் என்பதால் அவளுக்குத் தெரிந்த தமிழில் பாதி கோரிக்கையாகவும் பாதி கண்டனமாகவும் இருந்தது. ஆலையை மூடினார்கள். சங்கத்தில் அவளோடு நின்ற ஒருவருக்குப் பெட்ரோல் பங்க் கிடைத்தது, இன்னொருவருக்குக் கட்சியில் பதவி கிடைத்தது, செங்கமலத்துக்கு வேறு யாரும் வர விரும்பாத இந்த வேலை கிடைத்தது. 'காது உள்ளவனிடம் ஆயுசில் பாதியைக் கத்தித் தீர்த்தாயிற்று, இனிக் காது இல்லாத பிள்ளைகளிடம் பேசிப் பார்ப்போம்' என்று சொல்லிக்கொண்டுதான் டிரங்குப் பெட்டியோடு வந்து சேர்ந்தாள். வந்த புதிதில் பிள்ளைகளிடமும் கத்தினாள். கழுத்தில் நரம்பு புடைத்ததுதான் மிச்சம். பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரித்து, கழுத்தில் இரண்டு விரலை மேலிருந்து கீழே இழுத்து அதையே அவளுக்குப் பேராக்கிவிட்டார்கள். பிறகு அவளைப் பிடித்து உட்காரவைத்துக் கையால் பேசக் கற்றுக்கொடுத்தார்கள். ஆறு மாதம் கழித்து அவள் தூக்கத்தில் உளறுவதுகூடக் கையால்தான் என்று சமையல் சூசையம்மாள் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள்.

விடுதி ஒரு காலத்தில் ஆலையின் பஞ்சு மூட்டைகளை அடுக்கி வைத்த கிட்டங்கி. மாடி முழுக்க மரப்பலகை. அந்தப் பலகை பிள்ளைகளுக்குப் பெரிய உதவி. ஒருத்தியைக் கூப்பிட வேண்டுமானால் காலால் ஒரு தட்டுத் தட்டினால் போதும், அதிர்வு ஓடிப்போய்ச் சொல்லிவிடும். ஆனால் அதிர்வுக்கு ஆள் அடையாளம் தெரியாது, எல்லோரும்தான் திரும்புவார்கள். திரும்பியவர்கள் தட்டியவளின் முகத்தைப் பார்ப்பார்கள், யார் வேண்டும் என்று கேட்பார்கள், தான் இல்லையென்றால் வேண்டியவளின் தோளைத் தொட்டு 'உன்னைத்தான்' என்று காட்டிவிட்டுத் தங்கள் வேலைக்குத் திரும்புவார்கள். எங்கும் எழுதி வைக்காத சட்டம் அது, யாரும் மீறாத சட்டம். கூப்பிட்டவளைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வது அந்த விடுதியில் காறித் துப்புவதற்குச் சமம்.

காம்பவுண்டின் மறுபக்கம் பள்ளிக்கூடம். அங்கே கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும், டீச்சரின் உதட்டைப் பார்த்து உதட்டை அசைக்க வேண்டும், தொண்டையில் கைவைத்து அதிர்வைத் தடவிப் பார்த்து, தனக்கே கேட்காத ஒரு 'அம்மா'வை மற்றவர்களுக்காகச் சொல்லிக்காட்ட வேண்டும். மணி அடித்து, விடுதிப் படியில் கால் வைத்த பிறகுதான் கைகளுக்கு விடுதலை. படியேறும்போதே பேச்சு தொடங்கிவிடும். சண்டை, கோள், சினிமாக்கதை, டீச்சரின் புதுச்சேலை, அடுத்த வீட்டுக் கல்யாணம் எல்லாம் ஒன்றாய்க் கிளம்பி, மாடி முழுக்கக் கைகளாய் நிறைந்து, சாப்பாட்டுத் தட்டு வரும்வரை ஓயாது. தட்டு வந்தாலும் இடது கை பேசிக்கொண்டிருக்கும்.

இந்த விடுதியைத்தான், அரையாண்டுப் பரீட்சை முடிந்ததும் மூடிவிட்டுக் கல்யாண மண்டபமாக்குவது என்று பள்ளியை நடத்தும் அறக்கட்டளை முடிவு செய்தது. பள்ளிக்கூடம் இருக்குமாம். உள்ளூர்ப் பிள்ளைகள் வந்து படித்துவிட்டுப் போகலாமாம். வெளியூர்ப் பிள்ளைகள் வீட்டோடு இருக்கட்டுமாம். விடுதியில் இருந்த அத்தனை பேரும் வெளியூர்ப் பிள்ளைகள்.

செங்கமலம் செயலாளர் குணசீலனின் அறை வாசலில் போய் நின்றாள். ஒவ்வொரு முறையும் உட்காரச் சொன்னார்கள், ஒவ்வொரு முறையும் அவர் சாப்பிடப் போய்விட்டார். கடைசியில் ஒருநாள் மறித்துக்கொண்டாள்.

"நான் என்னம்மா செய்ய? மேல முடிவாயிருச்சு" என்றார் அவர், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி.

"மேலன்னா யாரு சார்? ஆகாசமா?"

"மில்லு வாசல் பேச்செல்லாம் இங்க பேசாதீங்க."

"மில்லு வாசல்ல வாட்ச்மேனாவது முகத்தப் பாத்துப் பதில் சொல்லுவான் சார்."

அவர் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. செங்கமலம் திரும்பி வந்தாள். மனு எழுதி அலுத்தவள் அவள். மனு என்பது ஏழையின் நாக்கை அறுத்துத் தாளில் ஒட்டி இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டுவது என்று ஒரு காலத்தில் மேடையில் பேசியவள். அன்று மாடிக்குப் போய்ப் பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, இருப்பதை மறைக்காமல் கையால் சொன்னாள். கைகள் எல்லாம் ஓய்ந்து மடியில் விழுந்தன. அந்த மாடி அவ்வளவு அசையாமல் இருந்து அவள் பார்த்ததில்லை.

மாடத்திதான் முதலில் கையைத் தூக்கினாள். பதின்மூன்று வயது, பனங்காட்டுப் பக்கத்து ஊர், கனத்த கால், வளைந்துகொடுக்காத முகம்.

"எங்க வீட்டுல எல்லாரும் நல்லவங்க" என்றாள் கையால். "சாப்பிடச் சொல்வாங்க. வரச் சொல்வாங்க. போகச் சொல்வாங்க. வேற ஒண்ணும் சொல்லத் தெரியாது. ஆட்டுக்கிட்டயும் அப்படித்தான் இருப்பாங்க. ஆட்டுக்கும் நல்லவங்கதான்."

பிறகு செங்கமலத்தின் பக்கம் திரும்பினாள்.

"மூடச் சொன்னது யாரு?"

செங்கமலம் மணிக்கட்டைத் திருப்பிக் கண்ணருகே கொண்டுபோனாள். பிள்ளைகள் செயலாளருக்கு வைத்திருந்த பேர் அதுதான்.

"அந்த ஆளக் கூப்பிடு."

"கூப்பிட்டேன். பாக்க மாட்டேங்கறாரு."

"உனக்குக் கூப்பிடத் தெரியல" என்றாள் மாடத்தி. எழுந்தாள். பாவாடையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகினாள். ஓங்கி உதைத்தாள்.

அந்த உதைதான் கடைத்தெருவுக்குப் போனது.

முதலில் வந்து சேர்ந்தவர் மீரான் பாய். செருப்பைக் கழற்றிப் பார்த்தும், பெஞ்சில் ஏறி உட்கார்ந்து பார்த்தும் குறுகுறுப்பு அடங்காமல், அது இழுத்த திசையில் நடந்து, விடுதிப் படியேறி மூச்சு வாங்க நின்றார். மாடத்தி அவரைப் பார்த்து முகம் சுளித்தாள்.

"இந்த ஆளில்ல" என்றாள் கையால், மணிக்கட்டைத் திருப்பிக் காட்டி.

"என்னம்மா சொல்லுது புள்ள?"

"உங்கள இல்லியாம் பாய். குணசீலன் சார் வேணுமாம். போய் அவரு தோளத் தொட்டுச் சொல்லிருங்க" என்றாள் செங்கமலம், அதில் அதிசயம் ஒன்றும் இல்லாதது போல. அவளுக்கு அப்போது அதிசயப்பட நேரமும் இல்லை. பாய்க்குப் பின்னால் படியில் மீன்காரி, அவளுக்குப் பின்னால் பாதி மழித்த கன்னத்துக்காரர், அவருக்குப் பின்னால் பாதித் தெரு நின்றது.

மாடத்தியின் முகத்தைப் பார்த்து, யார் வேண்டும் என்று கேட்டு, குணசீலனின் தோளைத் தொட்டவர்களுக்கு அந்த நிமிடமே குறுகுறுப்பு அடங்கியது. பார்க்காதவர்களுக்கு அடங்கவில்லை. ஊருக்கு இது ஒரே சாயங்காலத்தில் புரிந்துபோயிற்று. மாடத்தி மறுநாளும் உதைத்தாள், அதற்கு மறுநாளும் உதைத்தாள், பள்ளிக்கூட மணி அடித்த பிறகு தினமும் உதைத்தாள். ஊர் தினமும் எழுந்து வந்தது. கடைக்காரர்கள் பாதிக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்கள். ஆஸ்பத்திரி டாக்டர் முதலில் பாதத்துக்குக் களிம்பு எழுதிக்கொடுத்தார், பிறகு தன் காலிலேயே தடவிப் பார்த்தார், பிறகு வரிசையில் வந்து நின்றார். மாதா கோவில் சப்பரம் புறப்பட்ட நாளில் தூக்கியவர்களின் கால் கூப்பிடப்பட்டதால் சப்பரமே விடுதி முற்றத்துக்குள் வந்து, மாதாவும் மாடத்தியைப் பார்த்துவிட்டுத்தான் தேரடிக்குப் போனாள். புகார் கொடுக்கலாம் என்று சிலர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள். ஸ்டேஷனில் ஆளில்லை, எல்லோரும் விடுதி வரிசையில் நின்றார்கள்.

வரிசையில் நிற்பவர்கள் சும்மா நிற்பார்களா? பிள்ளைகளின் கையைப் பார்த்தார்கள். 'யாரு', 'நான் இல்ல', 'நாளைக்கு', 'மீன் நாறுது' என்று ஒவ்வொன்றாய் ஒட்டிக்கொண்டது. சூசையம்மாளின் கொழுந்தனார் பெண் பார்க்கப் போன இடத்தில், எதிரே இருந்த பெண்ணிடம் பெரியவர்களுக்குத் தெரியாமல் 'உனக்குச் சம்மதமா' என்று கையால் கேட்டு, அவளும் கையாலேயே பதில் சொல்லிக் காரியம் முடிந்தது. தெருவில் ஒருவரை உரக்கக் கூப்பிடுவது மரியாதைக் குறைவு என்றாயிற்று. பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டு, முகத்தைப் பார்த்துப் பேசினார்கள். கடன் கொடுத்தவனும் வாங்கியவனும்கூட முகத்தைப் பார்த்துத்தான் திட்டிக்கொண்டார்கள்.

குணசீலன் பாடுதான் பெரும்பாடு. விடிந்தால் ஊரே அவர் தோளைத் தொட்டது. காய்கறிக்காரி தொட்டாள், தபால்காரர் தொட்டார், பல் தேய்க்கும்போது பக்கத்து வீட்டுக்காரர் சுவரேறித் தொட்டார். தொட்டவர்கள் நிம்மதியாகப் போனார்கள். அவர் காலில் மட்டும் ஊர் முழுவதன் குறுகுறுப்பும் சேர்ந்தது. விடுதிக்குப் போய் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்திருந்தால் அடங்கியிருக்கும். அது அவர் வழக்கமில்லை. வழக்கப்படி என்ன செய்வாரோ அதைச் செய்தார்: பொருளாளர் வீட்டுக்குப் போய், "இது உங்க பிரிவு" என்று அவர் தோளைத் தொட்டார்.

குறுகுறுப்பு விட்டது. குணசீலன் அன்று குழந்தை மாதிரித் தூங்கினாராம்.

பொருளாளர் அறக்கட்டளையின் வக்கீலைத் தொட்டார். வக்கீல் துணைத் தலைவரைத் தொட்டார்.

செய்தி வந்தபோது செங்கமலம் அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவள் முகம் இருண்டது.

"பாத்தியா சூசை, இதே ஆட்டந்தான். ஒருத்தன் அடுத்தவனக் கைகாட்டுவான், அவன் அடுத்தவனக் கைகாட்டுவான். மில்லுலயும் இப்படித்தான் இழுத்து இழுத்தே எங்களக் கொன்னானுவ. கடைசில எந்த மேசையில செத்தோம்னுகூடத் தெரியல."

"அதுக்கில்லக்கா" என்றாள் சூசையம்மாள், வெங்காயத்திலிருந்து தலை தூக்காமல். "அங்க போனது காயிதம். காயிதத்த டிராயர்ல வச்சுப் பூட்டிரலாம். கால எங்க வச்சுப் பூட்ட?"

செங்கமலம் அரிசிக் கையோடு நின்றாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, பஞ்சாலை மூடிய நாளிலிருந்து சிரிக்காத சிரிப்பெல்லாம் சேர்த்துச் சிரித்தாள். ஒரு வாழ்நாள் முழுக்க அவள் எந்த வழக்கத்தோடு முட்டிமோதித் தோற்றாளோ, அந்த வழக்கமே இப்போது மாடத்தியின் உதையைத் தோள் தோளாய்ச் சுமந்து மேலே ஏற்றிக்கொண்டிருந்தது. ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு மாடிக்கு ஓடினாள்.

"நிறுத்தாதீங்க" என்றாள் பிள்ளைகளிடம். "போய்க்கிட்டிருக்கு. உதைங்க."

அன்று முதல் மாடத்தியோடு எல்லோரும் உதைத்தார்கள்.

துணைத் தலைவருக்கு மேலே ஒருவர்தான் இருந்தார்: தாளாளர் அருணோதயம். சென்னையில் இருந்தார். அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியின் முகம்கூட அவருக்குத் தெரியாது. துணைத் தலைவர் ரயிலேறிப் போய் அவர் தோளைத் தொட்டுவிட்டு அடுத்த ரயிலில் திரும்பிவிட்டார். அருணோதயம் டிரைவரின் தோளைத் தொட்டுப் பார்த்தார், போகவில்லை. சமையல்காரரைத் தொட்டார், தோட்டக்காரரைத் தொட்டார், மைத்துனரைக்கூடத் தொட்டார். போகவில்லை. பதில் சொல்லக்கூடியவனுக்குத்தான் அது போகும். கீழே இருப்பவன் தலையில் கட்ட அதற்குத் தெரியாது. வெந்நீர் வாளியில் காலை விட்டுக்கொண்டு கூட்டம் நடத்தினார். விமானத்தில் பறந்தபோது அடங்கியது. இறங்கியதும், அதுவரை காத்திருந்ததெல்லாம் சேர்ந்து ஏறியது. ஆனாலும் அவர் வரவில்லை. வருவதற்குப் பதிலாக, பரீட்சை முடியும்வரை காத்திருக்காமல் விடுதியை உடனே காலி செய்யச் சொல்லி லாரி அனுப்பினார்.

லாரியில் வந்தவர்கள் கூலி ஆட்கள். கட்டிலைத் தூக்க மாடியேறினார்கள். பிள்ளைகள் ஆளுக்கொரு கட்டிலில் ஏறி நிற்கவும், தலைவன் மாதிரி இருந்தவன் தலையைச் சொறிந்தான்.

"எறங்கச் சொல்லுங்கம்மா. நாங்க கூலிக்கு வந்தவுக."

"கூலிக்கு வந்தவன் மேல எனக்கு என்ன கோவம் தம்பி? நானும் கூலிக்காரிதான்" என்றாள் செங்கமலம். "தூக்கணும்னா தூக்கு. ஆனா பலகையில கால் வச்சுத்தான் தூக்கணும்."

மாடத்தி கட்டிலிலிருந்து குதித்தாள். எல்லோரும் குதித்தார்கள். கூலி ஆட்கள் தூக்கிய கட்டிலை அப்படியே வைத்துவிட்டு, தங்கள் பாதத்தையும் அந்தப் பிள்ளைகளின் முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"எங்களையா கூப்புடுதுக?" என்றான் தலைவன், குரல் இறங்கி.

"உன்ன இல்ல. உன்ன அனுப்புனவர. எதுல வந்தியோ அதுலயே போயி அவரக் கூட்டியா."

லாரி வெறுமையாகத் திரும்பியது. போன லாரி இரண்டாம் நாள் திரும்பி வந்தபோது அதன் பின்னால் ஒரு வெள்ளைக் கார் வந்தது. காரிலிருந்து வேட்டி கட்டிய, களைத்த, தூக்கமில்லாத கண்களோடு ஒரு மனிதர் வெறுங்காலோடு இறங்கினார். செருப்புப் போட முடியாத அளவுக்கு அவர் பாதங்கள் துடித்துக்கொண்டிருந்தன.

முற்றம் நிறைந்திருந்தது. ஆலை வேலை போனவர்கள், கடைக்காரர்கள், வரிசையில் நின்று பழகிய கான்ஸ்டபிள், கூட்டத்தோடு கூட்டமாய் ஒளிந்த குணசீலன். அருணோதயம் நேரே செங்கமலத்திடம் வந்தார்.

"என்ன வேணும் உங்களுக்கு?"

வாழ்நாள் முழுக்க அவள் காத்திருந்த கேள்வி அது. ஆலை வாசலில் எந்த முதலாளியும் கேட்காத கேள்வி. அதற்கான பேச்சு அவள் தொண்டை வரை தயாராக, எண்ணிக்கை போட்டு, கண்டனத்தோடும் எச்சரிக்கையோடும் வந்து நின்றது. கழுத்து நரம்பு புடைத்தது. அவள் அதை விழுங்கினாள். அவள் செய்த போராட்டங்களிலேயே கடினமானது அதுதான்.

"என்னப் பாக்காதீங்க சார். நான் கூப்பிடல. கூப்பிட்டவ அந்தா நிக்கா" என்று சொல்லிவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

அவர் மாடத்தியைப் பார்த்தார். மாடத்தி பேசத் தொடங்கினாள். நீளமாகப் பேசினாள், கையும் புருவமும் தோளும் சேர்ந்து பேசின. அருணோதயம் திணறிச் செங்கமலத்தைத் திரும்பிப் பார்த்தார். அவள் கையை அவிழ்க்கவில்லை, வாயைத் திறக்கவில்லை. அப்போது கூட்டத்திலிருந்து மீரான் பாய் சொன்னார்: "இது எங்க வீடுங்குது."

"வீட்டுல யாரும் எங்ககூடப் பேசல, இங்கதான் பேசுறோம்ங்குது" என்றாள் மீன்காரி.

"கல்யாணம் தெருவுலயும் நடக்கும், எங்க பேச்சு வேற எங்க நடக்கும்னு கேக்குது சார்" என்றார் கான்ஸ்டபிள், தொப்பியைக் கழற்றி.

"மரமண்டை மாதிரி நிக்காதீங்கங்குது" என்றாள் சூசையம்மாள். மாடத்தி அப்படிச் சொல்லவே இல்லை.

ஒருவர் விட்டதை ஒருவர் எடுத்து, அவள் கை நின்ற இடத்தில் ஊரின் வாய் நின்றது. அருணோதயம் தலை குனிந்து தன் பாதங்களைப் பார்த்தார்.

"சரி" என்றார். "விடுதி இருக்கும். மண்டபம் இல்ல."

கூட்டம் மூச்சு விட்டது. மாடத்தி அசையவில்லை. உதட்டைப் பார்த்து அவள் புரிந்துகொண்டிருப்பாள், ஆனாலும் அசையவில்லை.

"என்கிட்ட சொல்லு" என்றாள்.

"அவகிட்ட சொல்லணுமாம் சார், கையால" என்றார் மீரான் பாய்.

தாளாளர் கையைத் தூக்கினார். என்ன செய்வது என்று தெரியாமல் காற்றில் நிறுத்தினார். மாடத்தி காட்டினாள்: இரண்டு கைகளையும் கூரையாய்ச் சேர்த்தால் 'வீடு', சுட்டுவிரல் தரையை நோக்கினால் 'இங்கே', உள்ளங்கையில் இரண்டு விரலை ஊன்றினால் 'நிற்கும்'. அவர் செய்தார். விரல் படுத்துக்கொண்டது, வீடு தூங்குகிறது என்று வந்தது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மறுபடி செய்தார். கூரை கவிழ்ந்து வீடு குழியாயிற்று. ஊரே சிரித்தது. மாடத்தி மட்டும் சிரிக்காமல் அவர் விரல்களைப் பிடித்து ஒவ்வொன்றாய் நிமிர்த்தி வைத்தாள். மூன்றாம் முறை, தன் அறுபது வயதுக் கைகளால், அருணோதயம் அவள் கண்ணைப் பார்த்துச் சொன்னார்: வீடு இங்கே நிற்கும்.

சொன்ன நொடியில் அவர் பாதங்கள் துடிப்பு அடங்கித் தரையில் ஊன்றின. பழைய ஆலைத் தொழிலாளர்கள் பழக்கம் விடாமல் "வாழ்க, வாழ்க" என்று கோஷம் போடத் தொடங்கினார்கள்.

"ஏய், யாருக்குய்யா கத்துறீங்க? ஜெயிச்சவளுக்கு அது எட்டாது. கையத் தூக்குங்க!" என்று செங்கமலம் அதட்டினாள்.

அத்தனை கைகளும் மேலே போயின. பிள்ளைகள் கைதட்டும் விதத்தில், விரல்களை விரித்துக் காற்றில் குலுக்கினார்கள். முற்றம் நிறைந்து, வாசல் நிறைந்து, நெடுஞ்சாலை வரை வழிந்து, காற்றடித்த அரச இலைகளாய்க் கைகள் படபடத்தன, ஒரு சத்தம் இல்லை. கோவில்பட்டிப் பஸ் சாலையில் வந்து நின்றது. ஹாரன் அடித்துப் பார்த்தது. ஒருவரும் திரும்பவில்லை. கண்டக்டர் இறங்கி வந்து, உயர்ந்திருந்த கைகளுக்கு நடுவே நுழைந்து, செங்கமலத்தின் தோளைத் தொட்டார்.

"என்னக்கா, மறியலா?"

"இல்ல தம்பி, பேச்சு" என்றாள் செங்கமலம், உயர்த்திய கையை இறக்காமல். "மாடத்தி பேசுதா. வண்டிய ஓரங்கட்டு, முடிச்சிட்டு வழி விடுவா."

கண்டக்டர் டிரைவரைப் பார்த்துக் கையால் சைகை காட்டினார். எஞ்சின் நின்றது.